இராசையாவின் ஐந்தாவது குறிப்புப் புத்தகம்

இராசையாவுக்கு நான் ஐந்து புத்தகம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பதுளைக் கடைவீதியில் எங்கள் வாப்பா வைத்த கடை. கொப்பி, பென்சில், பள்ளிக்கூடச் சாமான் விற்பதோடு புத்தகம் தைத்து அட்டை கட்டுவதும் உண்டு. எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறேன், கட்டியதும் மறந்துவிடுவேன். இந்த ஐந்து மட்டும் மறக்கவில்லை. அதிலும் ஐந்தாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

இராசையா யார் என்று கேட்டால் ஊரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. பசறைப் பாதையில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில், தேயிலைச் செடியைத் தறித்துக் கவ்வாத்து வெட்டும் மாரிசாமிக்கும் ஸ்டோரில் குச்சி பொறுக்கும் இராக்கம்மாவுக்கும் ஒரே பிள்ளை. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. அந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து படித்துப் பட்டம் வாங்கி, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அணுக் கழிவைப் பிரித்தெடுக்கிற வேலையில் மூன்று வருஷம் இருந்தான். தோட்டத்தின் பெயரையும் ஆய்வுகூடத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பெயரைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம். அவன் பெயரை அவர்கள் எங்கேயும் ஒழுங்காக எழுதவில்லை, நான் ஏன் அவர்கள் பெயரை எழுத வேண்டும்?

நானும் அவனும் பதுளையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இரசாயனப் பாடத்தில் நான் தூங்குவேன், அவன் எனக்கும் சேர்த்து விழித்திருப்பான். அவன் பல்கலைக்கழகம் போனான், நான் வாப்பாவின் பசைச் சட்டியோடு நின்றுவிட்டேன். ஆனாலும் லீவில் ஊருக்கு வந்தால் பஸ்ஸை விட்டிறங்கி முதலில் மிதிப்பது என் கடைப் படியைத்தான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அப்படி வந்தவன், "பலீல், எனக்கு ஒரு புத்தகம் கட்டித் தா மச்சான்" என்றான்.

"எனத்த புத்தகம்?"

"வேலைக் குறிப்பு எழுதுற புத்தகம். ஒரு தாளைக் கிழிச்சா மற்றத் தாளும் கையோட வந்துரணும், அப்படித் தைக்கணும். எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் அடிக்கணும். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ரெண்டு கோடு போடு. ஒண்ணு செய்தவர், மற்றது சாட்சி."

"இது புத்தகமா, காணி உறுதிப் பத்திரமா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவனுக்குச் சிரிப்பு வராது. புத்தகத்துக்கு உள்ள சட்டத்தை எனக்கு வகுப்பெடுத்தான். மையால்தான் எழுத வேண்டும். அழிக்கவே கூடாது. பிழையாக எழுதிவிட்டால், அந்தப் பிழை வாசிக்கத் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். சாட்சி வைக்கிறவன் பக்கத்தைப் பார்த்த அன்றைய திகதியைத்தான் போட வேண்டும்.

"முந்தின திகதி போட்டா எனத்த?"

"அப்ப அது சாட்சி இல்ல. பொய்."

அந்த முதல் புத்தகத்தை நான் மூன்று நாள் எடுத்துத் தைத்தேன். இருநூறு பக்கத்துக்கும் இலக்கம் அடித்து, இருநூறு பக்கத்திலும் சாட்சிக் கோட்டை என் கையால் இழுத்தேன். பின்னால் வந்த நாலு புத்தகத்துக்கும் அப்படித்தான்.

அவன் வேலை என்னவென்று எனக்கு விளங்குகிற மாதிரி அவன்தான் சொன்னான், அதை அப்படியே சொல்கிறேன். அணு உலை ஓடுகிற நாடுகளில் கழிவுத் தண்ணீர் தாங்கி தாங்கியாக நிற்கிறது. அவ்வளவு தண்ணீரிலும் விஷமாக இருப்பது துளியூண்டு. சீசியம் என்று ஒன்று. அது பாதியாகக் குறையவே முப்பது வருஷம் பிடிக்கும். அந்தத் துளியை மட்டும் பிடித்து எடுத்துவிட்டால், அதைச் சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கலாம், மற்றத் தண்ணீரைப் பற்றிப் பயமில்லை. பிடிக்கிற பொருளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மேலே தண்ணீரை ஊற்றினால், சீசியம் அதில் ஒட்டிக்கொள்ளும், கீழே சுத்தத் தண்ணீர் இறங்கும். பிசின் மாதிரிப் பொருள்களைப் போட்டால் கதிர் பட்டுப் பட்டு அவையே கெட்டுப்போகும். கல் ஜாதியில் ஒரு பொருள் வேண்டும். கிழக்குக் கடற்கரை மணலிலிருந்து எடுத்த சிர்க்கோனியத்தில் இவன் அதைச் செய்துகொண்டிருந்தான்.

"எங்க அம்மா தேயிலையில குச்சி பொறுக்குறாங்கள்ல, அதேதான்" என்றான். "அவங்க குச்சியப் பொறுக்குறாங்க, நான் சீசியத்தப் பொறுக்குறேன். எனக்கு வெள்ளைக் கோட்டு குடுத்திருக்கானுக, அவங்களுக்குக் குடுக்கல."

ஆனால் ஒரு வருஷமாக அவனுடைய பொருள் அவனைப் பாடாய்ப் படுத்தியது. கூழாக வரும். காய வைத்தால் மாவாகிவிடும். மாவைக் குழாயில் போட்டால் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்காது. எழுபதாம் வருஷம் தீபாவளிக்கு வந்தபோது இதையே புலம்பிக்கொண்டிருந்தான். தோட்டத்துக்குப் போனவன் அடுத்த நாளே கடைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

இராக்கம்மாதான் காரணம். மகன் சூட்டடுப்பில் கூழைக் காய வைக்கிற கதையைக் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, அவசரப்பட்டு அடுப்பக் கூட்டுனா மேல காஞ்சிரும், உள்ள பச்சையாவே நிக்கும். அப்பறம் பொடியாத்தான் போவும். கொழுந்த எதுக்கு ராத்திரி முச்சூடும் தட்டுல பரப்பி வாட்டுறோம்?" என்றிருக்கிறாள். அவன் கொழும்புக்குப் போய், கூழைச் சாக்குத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, சாதாரணக் காற்றில் நாலு நாள் வாட விட்டான். காய்ந்த தகட்டைத் தண்ணீரில் போட்டதும் படபடவென்று வெடித்து, சம்பா அரிசி மாதிரி ஒரே அளவில் மணி மணியாக உதிர்ந்ததாம். குழாயில் தண்ணீர் இறங்கியது. சீசியம் மேலேயே நின்றது. இரண்டாம் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "முறை: இராக்கம்மா" என்று எழுதியிருந்தான். எனக்குக் காட்டினான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

எழுபத்திரண்டில் அவனை நிரந்தரமாக்கப் பேச்சு வந்தது. மூன்று வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமானால் அவனுடைய ஆய்வை அவன் பெயரிலேயே எழுதலாம், வெளிநாடு போய் மேலே படிக்கலாம். அதற்கு ஒரே ஒரு கடதாசி தேவைப்பட்டது, இந்த நாட்டுப் பிரஜை என்ற கடதாசி. இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தோட்டத்து ஆட்களுக்கு அது தானாக வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அறுபத்துநாலாம் வருஷம் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவா இலங்கையா என்று ஒவ்வொருவரும் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. இராசையா கொழும்பில் இருந்தபடியே இலங்கைக்குப் போட்டிருந்தான், சுத்தமாகக் கையெழுத்து வைத்து.

விண்ணப்பம் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டு அவன் முன்னால் வேறொரு ஃபைலைத் திறந்து வைத்தார்கள். அதில் அவன் பெயரில் இந்தியாவுக்கு ஒரு விண்ணப்பம், அவன் போட்டதற்கு இரண்டு மாதம் முந்தியது. அவனுடைய வயது, தோட்டம், தகப்பன் பெயர் எல்லாம் சரி. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒரு பெருவிரல் கைநாட்டு.

"பட்டதாரி கைநாட்டு வைத்திருக்கிறாரே" என்று அங்கே ஒருவர் சிரித்தாராம்.

இதைச் செய்தது யார் என்று இராசையாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்கும் அவன் சொன்ன உடனே தெரிந்தது. தோட்டத்தில் அரிசி கொடுத்தாலும் கம்பளி கொடுத்தாலும், வீட்டிலுள்ள எல்லாருக்குமாகக் குடும்பத் தலைவன்தான், காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று கைநாட்டு வைப்பான். மாரிசாமி இருபது வருஷமாக மூன்று பேருக்கு மூன்று தரம் விரலை வைத்தவர். விண்ணப்பத் தாள் வந்தபோது வீரய்யா கங்காணி லயம் முழுவதுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். மகன் கொழும்பில். மாரிசாமி தனக்கொன்று வைத்தார், பெண்சாதிக்கொன்று வைத்தார், மகனுக்கும் ஒன்று வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

கந்தோரில் அவனுக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை கொடுத்தார்கள். கைநாட்டு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் இலங்கை விண்ணப்பம் தள்ளுபடி, இந்தியாவுக்குப் போக வேண்டியவன். என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தால், பொய்யாகக் கைநாட்டு வைத்தவன்மேல் வழக்கு, அதற்கு மறியல், சிறைதான்.

கொழும்பிலிருந்து நேரே என் கடைக்கு வந்தான். கதையைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இல்லன்னு எழுதுடா! உன் விரலை ஒரு தரம் உருட்டிக் காட்டினாப் போதும். கிழவருக்கு ஒண்ணும் ஆகாது. வயசானவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், நீதவான் ஏசிட்டு விட்டுருவார்."

"விடாட்டி?"

"விடுவார்!"

"விடாட்டி, பலீல்?"

முதலில் அப்பாவைப் பார்த்துவிட்டு எழுதுவது என்று முடிவு செய்தான். நானும் கடையைப் பூட்டிக்கொண்டு அவனோடு பஸ் ஏறினேன். அவன் வாய் திறக்காவிட்டால் நான் திறப்பது என்று எனக்குள்ளே ஒரு திட்டம்.

காம்பராவில் மாரிசாமி கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டார். என்னை அவர் எப்போதும் "மொதலாளித் தம்பி" என்பார். இராக்கம்மா சாயத்தேத்தண்ணி கொண்டுவந்தாள். இராசையா எங்கெங்கோ சுற்றிவிட்டு, இந்தியா விண்ணப்பம் என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், கிழவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அத ஏன் கேக்குற தம்பி. பக்கத்துக் காம்பராக்காரன் மவன் பேர விட்டுட்டான். இப்ப இவுகளுக்கு மட்டும் சீட்டு வந்திருக்கு, அவன் இங்க, இவுக அங்க. பொம்பள தெனமும் ஒப்பாரி வைக்கிறா. நான் அன்னிக்கே கங்காணிகிட்ட சொல்லிப்புட்டேன், எம் மவன் பேரையும் போடுங்க, ரேகைய நான் வைக்கிறேன்னு. உசுரோட இருக்குற புள்ள பேர எவனாச்சும் விடுவானா? போனா மூணு பேரும் ஒரே கப்பல்ல போவோம். நல்ல காரியந்தான செஞ்சேன்?"

நான் வாயைத் திறந்தேன். இராசையா என் முழங்காலில் கையை வைத்து அமுக்கினான்.

"ஆமாங்கப்பா" என்றான். "நல்ல காரியந்தான்."

திரும்பி வரும் வழி நெடுக நான் அவனை ஏசினேன். அப்பனிடம் உண்மையைச் சொல்லப் பயமென்றால் அது உன் பாடு, கந்தோருக்கு உண்மையை எழுது என்றேன். உன் ஆய்வை யாரோ ஒருவன் தூக்கிக்கொண்டு போவான் என்றேன். நீ போகப் போகிற நாட்டில் உனக்கு ஒரு நாய் கூடத் தெரியாது என்றேன். சொல்லக்கூடாததும் ஒன்றிரண்டு சொன்னேன். அவன் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்கு வந்து, என்னிடமே ஒரு தாளும் பேனாவும் வாங்கி, மேசையருகில் நின்றபடி எழுதினான். "விண்ணப்பத்தில் உள்ள கைநாட்டு என்னுடையது." வாசித்துவிட்டு, "இதுக்கு நீதான் சாட்சி" என்றான். மூன்று வருஷத்தில் மூன்று புத்தகம் எழுதியவன். ஓர் இலக்கத்தைக் கூட மாற்றி எழுதாதவன். குழாய் அடைத்த நாளில் அடைத்தது என்று எழுதினவன். அவன் வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய் அந்த வரிதான், அதை என் கடைத் தாளில் எழுதினான். கந்தோரில் அதை வாங்கிக்கொண்டார்கள். உன் பெருவிரலைக் காட்டு பார்ப்போம் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை.

வேலை போயிற்று. சட்டப்படி முதல் மூன்று புத்தகமும் ஆய்வுகூடத்துக்குத்தான் சொந்தம், கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த வருஷம் அந்த ஆய்வு கட்டுரையாக வெளிவந்து ஒரு பிரதி தபாலில் வந்தது. மேலே வேறு இரண்டு பேர். கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க வேண்டிய எழுத்தில், உதவி செய்த இராசையாவுக்கு நன்றி என்று ஒரு வரி. நான் அதைக் கிழித்து எறியப் போனேன். "விடு, இலக்கம் எல்லாம் சரியாப் போட்டிருக்கானுக" என்று வாங்கி வைத்துக்கொண்டான். இராக்கம்மாவின் முறை அதில் இருந்தது. இராக்கம்மா இல்லை.

பதுளையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினான். ஒரு பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வுகூடத்தின் சாவியைக் கொடுத்தார். நாலாவது புத்தகம் அங்கே தொடங்கியது. சீசியத்துக்கு எங்கே போவது? அதே குடும்பத்துப் பொட்டாசியத்தை வைத்துச் செய்தான். "சீசியம் இல்லாட்டி அதோட தம்பி" என்றான். மணிகளை எப்படி இன்னும் உறுதியாக்குவது, திரும்பத் திரும்ப எப்படிப் பாவிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காத வேலை, யாரும் வாசிக்காத முடிவு. ஞாயிறு மத்தியானம் புத்தகத்தோடு கடைக்கு வருவான். நான் சாட்சிக் கோட்டில் கையெழுத்துப் போடுவேன்.

உள்ளே எல்லாம் இங்கிலீசும் இலக்கமும். நான் வாசித்ததே இல்லை. "எனக்கு எனத்த தெரியும், நானும் உங்க அப்பா மாதிரித்தான், காட்டுற எடத்துல வைக்கிறேன்" என்று பகிடி பண்ணுவேன். அந்தப் பகிடியை எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

எழுபத்துநாலில் பஞ்சம் வந்தது. அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டங்களில் ஆட்கள் கீரையை அவித்துத் தின்றார்கள். இராக்கம்மா தன் பங்கை மாரிசாமியின் கோப்பையில் தள்ளித் தள்ளியே மெலிந்து, ஒரு வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போய்விட்டாள். மூன்று பேரில் இரண்டு பேரானார்கள். மாரிசாமி அப்போதும் "நாம ரெண்டு பேருமாச்சும் ஒண்ணாப் போவோம்" என்பார். பிறகு அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது, துரைமார் மாறினார்கள். எழுபத்தேழு சித்திரையில் இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. ஜூன் பதினைந்தாம் திகதிக் கோச்சி, ரயிலைத்தான் அப்படிச் சொல்வோம்.

மே மாதக் கடைசியில், மாரிசாமி மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழும்பவில்லை. இராக்கம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

மயானத்திலிருந்து இறங்கும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். "இப்ப எழுது. இப்ப யாருக்கு மறியல்? இப்பவாச்சும் உண்மையை எழுது."

"அந்த ஃபைல மூடி அஞ்சு வருஷமாச்சு பலீல். என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். அவங்க எதுக்கு என்ன நம்பணும்?" என்றான். பிறகு, "ஒரே கப்பல்ல போகணும்னுதான் அவரு வச்சாரு. இப்ப நான் மட்டும் போறேன்" என்றான். சொல்லிவிட்டு, தேயிலைக்கு நடுவில் பாதையிலேயே உட்கார்ந்து அழுதான். மாரிசாமி செத்த வீட்டில் அழாதவன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேறு என்ன செய்வது?

இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஏறும் கோச்சியை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பதுளை ஸ்டேஷனில் அதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவனிடம் ஒரு டிரங்குப் பெட்டிதான். நாலாவது புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. ஐந்தாவதைக் கையில் வைத்திருந்து, கோச்சி அசையப் போகிற நேரத்தில் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். ஆறுதலாப் பாரு" என்றான்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல துணியில் சுற்றி, மேலே தண்ணீர் படாத ஒயில் துணியும் சுற்றி, அலுமாரிக்கு மேல் வைத்தேன். பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்பது பாதி உண்மை. இங்கிலீசும் இலக்கமும்தானே, எனக்கு என்ன விளங்கும் என்பது மீதி.

அவன் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபத்து முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஸ்டோரில் வாட்டுகிற மாடிக்கு மேற்பார்வை. இரண்டு மூன்று ஆய்வுகூடங்களுக்கு எழுதிப் பார்த்ததாகவும், வயது கடந்துவிட்டது என்று பதில் வந்ததாகவும் ஒரு கடிதத்தில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஒவ்வொன்றின் கடைசியிலும், என் மனைவி ஜெஸீமாவின் சுகத்தைக் கேட்ட கையோடு, "புத்தகம் சுகமா?" என்று கேட்பான். பகிடி என்று நினைத்து நானும், "புத்தகம் சுகம், உன்னைத்தான் தேடுகிறது" என்று எழுதுவேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பதுளை எரிந்தது. கடைவீதியில் தமிழ் ஆட்களின் கடைகள் சாம்பலாகிக் கிடந்ததை நான் என் கடைப் படியில் நின்று பார்த்தேன். முஸ்லிம் கடை என்று என் கடை தப்பியது. செப்டம்பரில் அவனுடைய கடிதம் வந்தது. நீ உயிரோடு இருக்கிறாயா, ஜெஸீமா சுகமா, கடை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஐந்தாவது புத்தகம் எரிந்துவிட்டதா? கடைசிப் பக்கத்தைப் பார்த்தாயா?" என்று எழுதியிருந்தான்.

நான் எவ்வளவு பெருமையாகப் பதில் எழுதினேன் தெரியுமா? "உன் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ தந்த அன்றைக்கு எப்படிக் கட்டி வைத்தேனோ அப்படியே இருக்கிறது. ஆறு வருஷமாக நான் பிரிக்கக்கூட இல்லை." சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனுஷன் என்ற நினைப்பு எனக்கு. கடைசிப் பக்கம் என்று அவன் கேட்டது என் மரமண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பதில் வரவில்லை. எண்பத்துநாலு மாசியில் வேறு யாரோ எழுதிய கார்டு வந்தது. மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், பொங்கலுக்கு மறுநாள் காலமானார், அவருடைய டிரங்குப் பெட்டியில் உங்கள் விலாசம் இருந்தது என்று நாலு வரி.

அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கிழமை சும்மா இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெஸீமா சொல்லித்தான், அலுமாரிக்கு மேலிருந்து கட்டை இறக்கிப் பிரித்தேன். நான் தைத்த தையல் ஒரு இழை விலகவில்லை. பக்கம் பக்கமாக இங்கிலீசும் இலக்கமும், ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து. கடைசியாக எழுதிய பக்கம் மட்டும் தமிழில் இருந்தது. ஐந்து புத்தகத்தில் அவன் தமிழில் எழுதிய ஒரே பக்கம். எனக்கு விளங்க வேண்டுமென்றே தமிழில் எழுதியிருக்கிறான்.

திகதி, 1977 ஜூன் 12. மேலே "திருத்தம்" என்று தலைப்பு. அதன் கீழ், "விண்ணப்பத்தில் உள்ள கைநாட்டு என்னுடையது" என்ற வரி. வாசிக்கத் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில்:

"சரியானது: கைநாட்டு என் தகப்பனார் மாரிசாமியுடையது. என்னைப் பிரியக்கூடாது என்று வைத்தார். நான் தெரிந்தே பொய் எழுதினேன். அவருக்குக் கடைசிவரை தெரியாது."

செய்தவர் என்ற கோட்டில் அவன் கையெழுத்து. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: "பலீல், அன்றைக்கு நீ பக்கத்தில் நின்றாய். இதை வாசித்துக் கையெழுத்துப் போடு. இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது, போதும்."

சாட்சிக் கோடு வெறுமையாக இருந்தது. நான் என் கையால் இழுத்த கோடு. வாசிக்காமல் இருநூறு பக்கத்துக்குமேல் கையெழுத்துப் போட்டவன் நான், வாசித்துப் போட வேண்டிய ஒரே பக்கத்தை ஏழு வருஷம் துணி சுற்றி வைத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சொல்வதை நம்ப உலகத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிரிக்கக்கூட இல்லை என்று நான் பெருமையாக எழுதிய கடிதம், அந்த நீலகிரிக் குளிரில் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதை வாசித்தபோது அவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காத நாள் எனக்கு இல்லை.

ஜெஸீமா பேனாவைக் கொண்டுவந்து தந்தாள். அவன் எழுதிய திகதியையே போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாக இருந்தது. அன்றைக்கே பார்த்தேன் என்று ஆகிவிடும், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அப்போது அது சாட்சி இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் இராசையா. பார்த்த திகதியைத்தான் போட்டிருக்கிறேன். 1984 மார்ச் 4.